ஜூன் மாதப் பள்ளிச் செலவைக் குறைப்பது எப்படி? முதல்முறை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு

மே மாதக் கடைசி வாரத்தில் எந்த ஊர் ஸ்டேஷனரி கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கையில் பள்ளி கொடுத்த லிஸ்ட், இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பின்னால் பத்துப் பேர் வரிசை. அந்த நேரத்தில் யாராலும் விலை விசாரித்து வாங்க முடியாது, கடைக்காரர் எடுத்து வைப்பதுதான் கணக்கு. பள்ளிக்கூடச் செலவில் வீணாகப் போகும் பணத்தில் பெரும்பகுதி இப்படி ஒரே நாளில், ஒரே கடையில், லிஸ்டில் உள்ள எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவதால்தான் போகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலைவாசி இரண்டாவது காரணம்தான்.

பள்ளிக் கட்டணம் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, பை, பென்சில் வகையறா, இவற்றை மட்டும் பார்ப்போம். நான் சொல்வது தமிழ்நாட்டுப் பள்ளிகளை வைத்து. ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும் சிபிஎஸ்இ பள்ளி என்றால் இதே வேலைகளை இரண்டு மாதம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: லிஸ்டை மூன்றாகப் பிரிப்பது

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். பள்ளியில் மட்டுமே கிடைப்பவை ஒன்று, வெளியில் எங்கே வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை ஒன்று, இப்போது வாங்கத் தேவையில்லாதவை ஒன்று. மூன்றாவது கட்டத்தில்தான் பணம் இருக்கிறது.

முதல் கட்டத்தில் பள்ளி முத்திரை போட்ட டை, பெல்ட், டைரி, ஐடி கார்டு, ஹவுஸ் டி-ஷர்ட் இவையெல்லாம் வரும், அதில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் "கிட்" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால், பொருள்வாரியாக விலைப் பட்டியல் கேளுங்கள். சண்டை போடும் தொனியில் வேண்டாம், அலுவலகத்தில் போய் "அண்ணன் பிள்ளையோட டைரியும் பெல்ட்டும் இருக்கு, மத்தது மட்டும் எடுத்துக்கலாமா சார்" என்று கேட்டாலே சில இடங்களில் சரி என்று விடுகிறார்கள். சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு வாரியமே 2017இல், புத்தகம், நோட்டு, சீருடை, பை விற்பதை வியாபாரமாக நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இரண்டு மூன்று பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள், தனியாகப் போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது கட்டத்துக்கு என்ன போகும்? ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நோட்டு என்று எழுதியிருந்தால் ஒன்று. ஸ்கெட்ச் பேனா, சார்ட், கிளிட்டர், களிமண் என்று கைவினைப் பொருள்கள் முழுக்க. வெள்ளை கேன்வாஸ் ஷூ. கிராஃப் நோட்டு. இவை முதல் நாள் யாரும் கேட்பதில்லை, சிலவற்றை வருடம் முழுக்கவே யாரும் கேட்பதில்லை. பள்ளி திறந்த பிறகு வகுப்பு ஆசிரியரிடம் நேராகக் கேட்டுவிடலாம். லிஸ்டைத் தயாரிப்பது அலுவலகம், எது உண்மையில் தேவை என்று தெரிந்தவர் வகுப்பு ஆசிரியர்.

இரண்டாவது: வீட்டைத் துழாவுங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பெரிய பிள்ளை இருக்கும் வீட்டில் அலமாரிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் பாதி பென்சில், மூடி தொலையாத ஜெல் பேனா, அளவுகோல், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் கிடக்கும். முதல் பிள்ளை என்றால் அக்கா வீட்டில், சித்தி வீட்டில், மாடி வீட்டில் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் அது எப்போது வெளியே போகும் என்றுதான் இருக்கும்.

போன வருட நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதாத பக்கங்கள் இருக்கும். நடுவில் பின் அடித்த நோட்டாக இருந்தால் பின்னை நிமிர்த்தி, தாள்களை இரண்டு பக்கமும் சேர்த்து முழுசாக உருவுங்கள், கிழிக்க வேண்டாம். ஒரே அளவுள்ளவற்றை அடுக்கித் தட்டிச் சமப்படுத்தி, நடு மடிப்பில் கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, கெட்டி நூலை நடு ஓட்டையில் உள்ளே விட்டு, மேல் ஓட்டை, கீழ் ஓட்டை என்று சுற்றி மறுபடி நடுவில் கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். அட்டைக்குப் பழைய காலண்டர் அட்டை போதும். ரஃப் நோட்டு தயார். கோடு போட்டதும் போடாததும் கலந்திருந்தால் என்ன, ரஃப் நோட்டுதானே. நிறையத் தாள் சேர்ந்தால் பைண்டிங் கடையில் கொடுத்துவிடலாம், கூலி கொடுத்தாலும் புது நோட்டைவிட மலிவாகத்தான் வரும்.

புத்தகம்

மாநிலப் பாடத்திட்டம் என்றால், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிடும் புத்தகங்கள்தான் எல்லோருக்கும். சென்னையில் கல்லூரிச் சாலை கல்வி வளாகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் கழகத்தின் விற்பனை நிலையங்கள் உண்டு, இணையதளத்திலும் ஆர்டர் போடலாம். புத்தகங்கள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவும் கிடைக்கின்றன, அதனால் புத்தகம் கைக்கு வரத் தாமதமானால் பதறிப்போய்க் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, முதல் இரண்டு பாடத்தைத் தரவிறக்கிச் சமாளிக்கலாம். சிறிய வகுப்புகளுக்குப் பருவவாரியாகப் புத்தகம் வரும், முதல் பருவத்துக்கு மட்டும் இப்போது வாங்கினால் போதும்.

சிபிஎஸ்இ பள்ளியில் என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) புத்தகம் என்றால் விலை அதிகமில்லை, எட்டாம் வகுப்பு வரை பெரும்பாலான புத்தகங்களின் அட்டை விலை 65 ரூபாய்தான். அதே பாடத்துக்குத் தனியார் பதிப்பகப் புத்தகம் அதைப் போலப் பல மடங்கு. லிஸ்டில் இரண்டும் இருந்தால் எது கட்டாயம், எது கூடுதல் பயிற்சிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய புத்தகம் வாங்குவது நல்ல வழி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. என்சிஇஆர்டி இப்போது வகுப்புவாரியாகப் புத்தகங்களை மாற்றி வருகிறது: 2023இல் ஒன்று, இரண்டாம் வகுப்பு, 2024இல் மூன்றும் ஆறும், 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. பக்கத்து வீட்டுப் பையன் 2024க்கு முன்னால் படித்த ஆறாம் வகுப்பு அறிவியல் உங்களுக்கு உதவாது. அதனால் பணம் கொடுக்கும் முன் புத்தகத்தின் பெயர், அச்சான வருடம், முதல் பாடத்தின் தலைப்பு இந்த மூன்றையும் பள்ளியில் சொல்லும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் பிள்ளைகள் புத்தகத்திலேயே எழுதி, வண்ணம் தீட்டியிருப்பார்கள், அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். வொர்க் புக்கும் அப்படித்தான்.

பழைய புத்தகத்துக்கு இடம் என்றால் சென்னையில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட், மயிலாப்பூர் லஸ் முனை, கோவையில் உக்கடம். இதைவிட எளிதான இடம் உங்கள் பள்ளி வாசல்தான். ஆண்டுத் தேர்வு கடைசி நாளன்று அடுத்த வகுப்புப் பெற்றோரிடம் பேசி வைத்துவிடுங்கள். பாதி விலை என்பது பழகிப்போன கணக்கு, பல பேர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். நீங்களும் உங்கள் பிள்ளையின் புத்தகத்தைக் கிழியாமல் வைத்திருந்து அடுத்த வருடம் ஒருவருக்குக் கொடுங்கள்.

நோட்டு

இதில்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். லாங் சைஸா, கிங் சைஸா, நாலு கோடா, ரெண்டு கோடா, கட்டம் போட்டதா என்று முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பான கோடு வாங்கிவிட்டால் கடைக்காரர் மாற்றித் தர யோசிப்பார்.

அட்டையைப் பார்த்து விலை பேசாதீர்கள், பக்கத்தைப் பார்த்துப் பேசுங்கள். விலையைப் பக்கத்தால் வகுத்தால் ஒரு பக்கம் எத்தனை பைசா என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு 96 பக்க நோட்டு 24 ரூபாய் என்றால் பக்கம் 25 பைசா, 192 பக்கம் 42 ரூபாய் என்றால் 22 பைசாவுக்கும் குறைவு. அதற்காக எல்லாமே பெரிய நோட்டாக வாங்கிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பொது அறிவு நோட்டில் எழுதுவது இருபது பக்கம்கூட வராது, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும்தான் வேகமாகத் தீரும். பெரிய நோட்டுக்குப் பையிலும் எடை கூடும். இன்னொன்று, அட்டையில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையில் அட்டவணைப் பக்கமும் அச்சடித்த பக்கங்களும் சேர்ந்திருக்கலாம், சின்ன எழுத்தில் அதை எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். பென்சிலால் எழுதும் பிள்ளைக்கு 54 போதும். இங்க் பேனா, ஜெல் பேனா வந்துவிட்டால் 60க்குக் குறையாமல் பாருங்கள், இல்லையென்றால் மை பின்பக்கம் தெரிந்து ஒரு பக்கம்தான் எழுத முடியும், அப்போது மலிவான நோட்டு இரட்டை விலையாகிவிடும். கடையில் "டிஎன்பிஎல் பேப்பர்" என்று சொன்னால் அது கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசு ஆலையின் தாள். அந்தத் தாளில் போட்ட, பெரிய பிராண்ட் பெயர் இல்லாத நோட்டுகள் எழுத நன்றாகவே இருக்கின்றன, விளம்பரச் செலவு விலையில் ஏறாது. கெட்டி நோட்டு என்றால் பின் அடித்ததைவிட நூல் தையல் போட்டதை எடுங்கள்.

மொத்தமாக வாங்க சென்னையில் பாரிமுனைப் பக்கம் பந்தர் தெருவும் ஆண்டர்சன் தெருவும் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குப் பத்து நோட்டு வாங்க அவ்வளவு தூரம் போவதில் லாபமில்லை, போக்குவரத்துச் செலவே தின்றுவிடும். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, யாருக்கு எந்தக் கோடு எத்தனை என்று ஒரே லிஸ்டாக எழுதி, இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள். டஜன் விலை வேறு, சில்லறை விலை வேறு. ஞாயிறு அன்று மொத்தக் கடைகள் பெரும்பாலும் இருக்காது, வார நாளில் காலையிலேயே போவது நல்லது. மற்ற ஊர்க்காரர்கள் உள்ளூர் மொத்தக் கடையில் டஜன் விலை கேளுங்கள், கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தால் அங்கேயும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

பில்லையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் இவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம். நோட்டுக்கு வரி போட்டிருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சீருடை

ரெடிமேடா, துணி எடுத்துத் தைப்பதா? வளரும் பிள்ளைக்குத் தைப்பதே மேல் என்பேன், காரணம் உள்மடிப்பு. ரெடிமேடில் அரை அங்குலம் விட்டாலே பெரிது. தையல்காரரிடம் பேன்ட், பாவாடைக் கீழ் ஓரத்தில் இரண்டு அங்குலமும், பேன்ட் இடுப்பில் பின் தையலில் பிரித்துவிடக்கூடிய அளவு துணியும் விடச் சொல்லுங்கள். அதே சீருடை இரண்டாவது வருடமும் ஓடும். பருத்தி கலந்த துணி என்றால் ஒரு இரவு நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி உள்மடிப்பின் பலனே போய்விடும். மே பாதிக்குள் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தையல்காரர் தேதி சொல்லமாட்டார், கூலியும் ஏறும்.

எத்தனை செட்? தினமும் துவைக்கும் வீடு என்றால் இரண்டு போதும், மழைக்காலத்துக்கு மூன்றாவதை அப்புறம் பார்க்கலாம். சட்டை வெறும் வெள்ளை என்றால் எந்தக் கடையிலும் எடுக்கலாம். முத்திரை சட்டைப்பையில் மட்டும் இருந்தால், சின்னதாகிப் போன பழைய சட்டையின் பையைத் தையல் பிரித்து எடுத்துப் புதுச் சட்டையில் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள், நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். சாக்ஸ், பனியன் போன்றவற்றை ஆடித் தள்ளுபடியில் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எடுத்து வைக்கலாம், சீருடைத் துணியை அப்படி எடுக்காதீர்கள், பள்ளி நிறத்தை மாற்றினால் போச்சு.

ஷூவும் பையும்

இந்த இரண்டிலும் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். ஷூவைச் சாயங்காலம், சாக்ஸ் போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிப்போய் வாங்குங்கள், பகலெல்லாம் ஓடிய பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் பிள்ளை தடுக்கி விழும், குதிகால் உரசிப் புண்ணாகும், பாவம். வாங்கிய வாரமே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டுவிட்டால் பசை விட்டுப்போகும் பிரச்சினை இருக்காது.

பையை வாங்கும்போது வெளியில் உள்ள படத்தைப் பார்க்காமல் உள்ளே திருப்பிப் பாருங்கள். தோள்பட்டை வார் பையோடு சேரும் இடம்தான் முதலில் பிய்யும், அங்கே குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும். ஜிப்பைப் பத்து முறை இழுத்து மூடுங்கள், முனையில் திரும்பும்போது சிக்கினால் வேண்டாம். பழைய பையில் ஜிப் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் பை தைப்பவரிடம் ரன்னர் (ஜிப்பில் பிடித்து இழுக்கும் பகுதி) மாற்றினால் இன்னொரு வருடம் ஓடும். பெரிய பையும் வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பை ஒன்றரைக் கிலோவுக்குமேல் இருக்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு சொன்னது, 2020இன் பள்ளிப்பைக் கொள்கை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ.

தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது, மூடியின் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், பாட்டில் ஒழுக ஆரம்பிப்பது அங்கேதான்.

அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்கள்

முதலில் எதையும் வாங்காதீர்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, வகுப்புக்கு ஏற்ப கிரேயான் அல்லது வண்ணப் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் விலையில்லாமல் வருகின்றன. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நான்கு செட் சீருடை உண்டு. சேர்க்கை அன்றே தலைமை ஆசிரியரிடம் எது எப்போது வரும் என்று கேளுங்கள், சீருடை வரத் தாமதமாகும் என்றால் ஒரு செட் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியிலிருந்து மாற்றுகிறவர்கள் இது தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள். பதினோராம் வகுப்பில் மிதிவண்டி கிடைக்கும், அதனால் பத்தாம் வகுப்பு விடுமுறையில் கடன் வாங்கிப் புது சைக்கிள் எடுக்க வேண்டாம்.

சின்னச் சாமான்கள்

பென்சில், ரப்பர், ஷார்ப்னர் மூன்றும் தொலையும், அதற்குத் தயாராகவே இருங்கள். டப்பாவாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பென்சில் கொடுங்கள், ரப்பரைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள். பென்சிலின் பின்முனையில் அரை அங்குலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பிளேடால் பெயின்ட்டைச் சீவி, அந்த மரத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதிவிட்டால் பாதிப் பென்சில் வீடு திரும்பும். டிபன் பாக்ஸ், மூடி, பாட்டில் எல்லாவற்றிலும் பெயர் வேண்டும், பாத்திரக் கடையில் வாங்கும்போதே வெட்டிக் கொடுப்பார்கள். நோட்டுக்கு அட்டை போடப் பிரவுன் ஷீட்டை ரோலாக வாங்குங்கள். ரெடிமேட் பிளாஸ்டிக் அட்டை வேண்டாம், இரண்டு மாதத்தில் ஓரம் பிய்ந்துவிடும்.

பிள்ளைக்கு ஆசை என்று ஒன்று இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பௌச்சோ, பாட்டிலோ, ஏதாவது ஒரு பொருளை முழுக்க அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். முன்னாலேயே "ஒன்று நீ எடுக்கலாம், மற்றது அம்மா எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால் கடையில் அழுகை இருக்காது. மற்ற பிள்ளைகளின் பழைய பையையோ சட்டையையோ போடும்போது அதை நன்றாகத் துவைத்துத் தேய்த்து, புதுப் பட்டன் வைத்துக் கொடுங்கள். பழசு என்று பிள்ளை கூனிக்குறுகும்படி ஆகிவிடக் கூடாது.

காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் பையைக் கொட்டி ஒரு முறை பாருங்கள். எந்த நோட்டு தீர்ந்தது, எது தொடவே இல்லை என்று அப்போது தெரியும். ஜூனில் வாங்காமல் விட்ட இரண்டாவது நோட்டுகளில் எது உண்மையில் வேண்டும் என்று அதை வைத்து முடிவு செய்து, கடைகளில் கூட்டம் இல்லாத அந்த நாட்களில் நிதானமாக விலை விசாரித்து வாங்குங்கள். மூன்று கட்டம் போட்ட அதே தாளில் எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் போனது என்று குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஜூனில் பள்ளி லிஸ்ட் வரும்போது அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.